குன்றின் மேல் நின்ற கேமரா



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பழைய சிங்கப்பூர்ப் படங்கள்’. பழைய படம் கையில் கிடைத்தால் நாம் என்ன செய்கிறோம்? பார்க்கிறோம். “அடேயப்பா, எப்படி இருந்த ஊர் எப்படி ஆகிவிட்டது!” என்கிறோம். வாட்ஸ்அப்பில் நாலு குழுக்களுக்கு அனுப்புகிறோம். மறுநாள் மறந்துவிடுகிறோம். இன்று நான் நூறு படம் காட்டி உங்களைக் களைப்பாக்கப் போவதில்லை. ஒரே ஒரு படம். அதை வைத்துக்கொண்டு இரண்டே கேள்வி. இதை எங்கே நின்று எடுத்தார்கள்? இதில் யார் இல்லை?

படம் 1844இல் எடுத்தது. சிங்கப்பூர் ஆறும், அதன் தென்கரையான போட் கீயும். நம் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இந்த ஊரைப் பிடித்த ஒளிப்படங்களில் இன்றுவரை தப்பிப் பிழைத்த மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. எடுத்தவர் ஜூல் இத்தியே என்ற பிரெஞ்சுக்காரர். அவருக்குப் படம் எடுப்பது தொழிலில்லை. அவர் சுங்கத்துறை அதிகாரி! சீனாவோடு வணிக உடன்படிக்கை செய்துகொள்ளப் பிரான்ஸ் அனுப்பிய தூதுக்குழுவில் வந்தவர். போகிற வழியில் இங்கே இறங்கினார். சிங்கப்பூரோ தொடக்கத்திலிருந்தே தீர்வையில்லாத் துறைமுகம். சுங்கமே வாங்காத துறைமுகத்தை ஒரு சுங்க அதிகாரி படம் பிடித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். வரலாற்றுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு!

அந்தக் காலத்தில் படம் எடுப்பது லேசுப்பட்ட காரியமா? மாணவர்களே, கொஞ்சம் கவனியுங்கள். பாரிஸில் டாகெர் என்பவர் கண்டுபிடித்த முறை 1839இல்தான் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு டாகெரோடைப் என்று பெயர். செப்புத் தகடு ஒன்றின் மேல் வெள்ளி பூசியிருக்கும். முகம் தெரிகிற அளவுக்கு அதைத் துலக்க வேண்டும். பிறகு இருட்டில் வைத்து அயோடின் ஆவியைக் காட்ட வேண்டும். தகடு மஞ்சள் நிறத்துக்கு வரும். அதைக் கேமராவுக்குள் செருகி, மூடியைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எடுத்த தகட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழே பாதரசத்தைச் சூடாக்கி, அந்த ஆவி மேலே படும்படி பிடித்தால்தான் கரையும் கட்டடமும் மெல்ல எழும்பி வரும். நெகட்டிவ் கிடையாது, பிரதி போட முடியாது. ஒரு தகடு, ஒரு படம், அவ்வளவுதான். கருவியில் அதற்கென்று கண்ணாடி பொருத்தாவிட்டால் இடம் வலம் மாறிக்கூட விழும். வலது கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு இடது கையால் ரொட்டி பராட்டா சாப்பிடுகிற காலத்தில் இருக்கும் நமக்கு இந்தப் பாடு புரிவது கஷ்டம்தான்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். அவர் எங்கே நின்று எடுத்தார்? குன்றின் மேல் நின்று. இன்று நாம் ஃபோர்ட் கேனிங் பூங்கா என்று சொல்கிற அதே குன்று. அன்று அதற்கு கவர்ன்மென்ட் ஹில் என்று பெயர். கவர்னரின் இல்லம் அங்கேதான் இருந்தது. அதற்கு முன்னே மலாய்க்காரர்கள் வைத்த பெயர் புக்கிட் லாராங்கான், யாரும் ஏறக்கூடாத குன்று. ஆக, யாரும் எளிதில் ஏற முடியாத இடத்திலிருந்து, ஆட்சி செய்பவர் காலையில் ஜன்னலைத் திறந்தால் எப்படித் தெரியுமோ அப்படி இந்த ஊர் படத்தில் விழுந்திருக்கிறது. கீழே ஆறு வளைந்து போகிறது. வளைவை ஒட்டிக் கிட்டங்கிகளும் கடைவீடுகளும் வரிசையாக நிற்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் எந்த ஊர்தான் அழகாக இருக்காது?

அந்தக் கரைகூட இயற்கை கொடுத்ததில்லை. 1820களின் தொடக்கத்தில் தென்கரை வெறும் சதுப்பு நிலம். பக்கத்திலிருந்த ஒரு சிறு குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி நிரப்பித்தான் போட் கீயும், இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸும் உருவாயின. வெட்டியவர்களும் சுமந்தவர்களும் கூலிகள். ஆற்று முகப்பில் ஒரு பெரும்பாறை இருந்தது. யாராலும் படிக்க முடியாத எழுத்து செதுக்கிய பாறை. 1843இல், அதாவது இத்தியே வந்து இறங்குவதற்கு முந்திய ஆண்டு, இட வசதிக்காக அதை வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று இப்போது அரும்பொருளகத்தில் இருக்கிறது. இன்றுவரை யாரும் அதைப் படித்தபாடில்லை. அந்தக் கேமரா இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால்! பெருமூச்சு விடலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை.

இப்போது பாலங்கள். படம் எடுத்த ஆண்டில் இந்த ஆற்றின் மேல் பேர்பெற்ற பாலங்கள் இரண்டு. ஒன்று மரப்பாலம். 1820களின் தொடக்கத்தில் ஜாக்சன் என்ற அதிகாரி போட்ட பழைய பாலத்தை எடுத்துவிட்டு, 1840களில் தாம்சன் என்ற நில அளவையாளர் அதே இடத்தில் புதிதாக மரப்பாலம் அமைத்தார். அதுவும் போய், 1862இல் கல்கத்தாவிலிருந்து வந்த இரும்பில் ஒரு பாலம் எழுந்தது. கல்கத்தா ஏன் என்கிறீர்களா? 1867 வரை இந்த ஊரை ஆண்டது கல்கத்தா. பாலத்துக்கு வைத்த பெயரும் இந்தியாவின் வைஸ்ராய் எல்ஜின் பிரபுவின் பெயர். அந்த இரும்புப் பாலமும் போய்விட்டது. இன்று நாம் நடக்கும் எல்ஜின் பாலம் 1929இல் கட்டிய காங்கிரீட் பாலம். ஒரே இடம், நான்கு பாலம்!

இன்னொன்று கோல்மன் பாலம். ஐரிஷ்காரரான கோல்மன் 1840இல் கட்டிய செங்கல் பாலம், ஒன்பது வளைவுகள். கோல்மனை நாம் மறக்கக்கூடாது. நார்த் பிரிட்ஜ் ரோட்டையும் சவுத் பிரிட்ஜ் ரோட்டையும் 1830களில் போட்டவர் அவர். போட்டவர் என்றால் மேற்பார்வை பார்த்தவர். மண் வெட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1844 மார்ச்சில் கோல்மன் இறந்தார். அவர் இறந்த சில மாதங்களில் இத்தியே படம் எடுக்கிறார். கோல்மன் கட்டிக் குடியிருந்த வீடு அதற்குள் ஹோட்டலாகியிருந்தது. அதை நடத்திய துட்ரோன்க்வா என்பவர்தான் 1843 டிசம்பரில், முகம் பிடித்துத் தருகிறேன் வாருங்கள் என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தவர். பாலம் கட்டியவர் வீடு படம் பிடிப்பவர் இடமானது! அந்தச் செங்கல் பாலம் 1865இல் மரப்பாலமாயிற்று, 1886இல் இரும்பாயிற்று, சரியாக நூறு ஆண்டு கழித்து, 1986இல், அதையும் இடித்துவிட்டு இப்போதுள்ள அகலமான பாலத்தைக் கட்டத் தொடங்கினார்கள். பழைய இரும்பு வேலைப்பாட்டில் கொஞ்சத்தை எடுத்துப் புதியதில் பொருத்திவைத்தார்கள், நல்லது. ஆற்றின் மேல்பகுதியில் புலாவ் சைகோன் என்று ஒரு தீவே இருந்தது. தீவுக்குப் பாலமும் இருந்தது. விரைவுச்சாலை வந்தபோது பாலத்தை அகற்றினார்கள். தீவும் கரையோடு சேர்ந்து காணாமல் போயிற்று.

ஆனாலும் நண்பர்களே, நார்த் பிரிட்ஜ் ரோடு, சவுத் பிரிட்ஜ் ரோடு, நியூ பிரிட்ஜ் ரோடு என்று தினமும் பஸ்ஸில் ஏறி இறங்குகிறோம். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் எந்த ரோட்டில் இறங்குகிறீர்கள்? சவுத் பிரிட்ஜ் ரோட்டில்தானே? 1819இல் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்து, செங்கல் சூளை போட்டுப் பிழைத்த நாராயண பிள்ளை 1827இல் எழுப்பிய கோயில் அது. பாலங்கள் போய்விட்டன, பாலத்துக்குப் போன பாதைகள் நம் காலடியில் கிடக்கின்றன.

இனி இரண்டாவது கேள்வி. இந்தப் படத்தில் யார் இல்லை?

டாகெரோடைப்பில் நிற்பது நிற்கும், நகர்வது நழுவிவிடும். கட்டடம் நிற்கும். கரை நிற்கும். மூட்டை தூக்கி நடந்தவன் விழமாட்டான். துடுப்புப் போட்டவன் விழமாட்டான். உட்கார நேரம் இருந்தவனுக்குத்தான் அன்றைய படத்தில் இடம். ஆற்றில் வேலை பார்த்தவனுக்கு ஏது உட்கார நேரம்?

அந்த வேலைக்காரர்கள் யார்? ஆற்றில் முதலில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் பெரும்பங்கு சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், சூலியாக்கள். அவர்கள் ஓட்டியது தொங்கான். கப்பல்கள் ஆற்றுக்குள் வரமுடியாது. தூரத்தில் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். தொங்கான் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு போகப்போக இந்தத் தொழில் பெருவாரியாகச் சீனர் கைக்குப் போயிற்று. அதற்கு முன் இந்த ஆற்றில் கேட்ட அதட்டலில் பாதி தமிழாகத்தான் இருந்திருக்கும். 1860களில் இந்தத் துறைமுகத்தின் கப்பல் வணிகத்தில் நான்கில் மூன்று பங்கு போட் கீ வழியாகத்தான் நடந்தது என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்த நான்கில் மூன்று பங்கும் ஒருவன் தோளில் ஏறி இறங்கியிருக்க வேண்டும்!

படகிலிருந்து கரைக்கு ஒரு பலகை போடுவார்கள். அகலம் கொஞ்சம்தான், கால் வைத்தால் அதிரும். ஒருவன் முதுகில் அரிசி மூட்டையோடு அதில் ஏறி, கல்படி மிதித்து, கிட்டங்கிக்குள் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். வற்றம் என்றால் படகு தாழ்ந்துவிடும், பலகை செங்குத்தாக நிற்கும். பெருக்கு என்றால் பலகை சமமாகும், ஏறுவது சுலபம். ஆனால் அப்போது வேறு வம்பு வரும். அந்த வம்புக்குப் பெயர் பாலம்.

1869இல் கட்டி முடித்த கேவனா பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்கோவில் செய்த இரும்பு, இங்கே பொருத்தியதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு. அவர்கள் கைவைத்த கடைசிப் பெரிய வேலை இதுதான் என்று சொல்வார்கள். அதற்கு முன், ஆற்று முகப்பில் அக்கரைக்குப் போகவேண்டும் என்றால் காசு கொடுத்துப் படகில் போக வேண்டும், இல்லையென்றால் எல்ஜின் பாலம்வரை சுற்றிப்போக வேண்டும். ஆக, நடப்பவர்களுக்கு இந்தப் பாலம் வரம். கீழே படகில் இருந்தவனுக்கு? பாலம் தாழ்வு. பெருக்கு நேரத்தில் சரக்கு ஏற்றிய படகு அடியில் நுழைய முடியாது. தண்ணீர் இறங்கும்வரை காத்துக்கிடக்க வேண்டும். மேலே நடந்தவர் பாலத்தால் நேரத்தை மிச்சம் பிடித்தார். கீழே இருந்தவன் அதே பாலத்தால் நேரத்தை இழந்தான். 1910இல் ஆண்டர்சன் பாலம் வந்ததும் கேவனாவை நடைபாதையாக விட்டுவிட்டார்கள். மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேல் பாரமுள்ள வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் போகக்கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை அங்கே இன்னும் நிற்கிறது. எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறோம். அந்தப் பாலத்தின் அடியில் எவ்வளவு இடைவெளி என்று எட்டிப் பார்த்தவர் இங்கே எத்தனை பேர்? அடுத்த முறை எட்டிப் பாருங்கள்.

இதுதான் நான் இன்று சொல்ல வந்தது. இந்த நகரத்தைக் குன்றின் மேலிருந்து பார்த்துப் படம் எடுத்துவைத்தார்கள். படகிலிருந்து பார்த்தால் இந்த நகரம் எப்படி இருந்தது என்பதற்கு அந்த நாளில் படமே கிடையாது.

“பிற்காலத்தில் வந்த படங்களில் நம்மவர்கள் இருக்கிறார்களே” என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். 1860களில் காகிதப் படம் பரவியது. பாலம் போட்ட தாம்சன் இல்லை, ஜான் தாம்சன் என்ற ஒளிப்படக்காரர் இங்கே ஸ்டூடியோ வைத்தார். பின்னால் லாம்பர்ட் கம்பெனி வந்தது. அந்த ஸ்டூடியோப் படங்களிலும் தபால் அட்டைகளிலும் செட்டியார் இருப்பார், நாவிதர் இருப்பார். கீழே என்ன எழுதியிருக்கும்? ‘செட்டி’ என்று எழுதியிருக்கும். இந்தியரைக் குறிக்க ‘கிளிங்’ என்று எழுதியிருக்கும். பெயர் இருக்காது. கவர்னருக்குப் பெயர் உண்டு. பாலத்துக்குப் பெயர் உண்டு. படத்தில் நேராக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனுக்கு மட்டும் பெயர் இல்லை!

நண்பர்களே, இங்கே உங்களுக்கு ஒருவரை நினைவூட்ட வேண்டும். முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். நாகூரில் வந்து தங்கி அங்கேயே மணம் முடித்த ஏமன் நாட்டு அரபியரின் கொள்ளுப்பேரன். மலாக்காவில் பிறந்தவர். சிறுவயதில் தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். ஏன் தெரியுமா? மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் படிப்பது அந்நாளைய வழக்கம். இதை அவரே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்கக் கப்பலில் வந்த ஒரு மருத்துவர் இந்த டாகெரோடைப் கருவியால் சிங்கப்பூர் நகரத்தையே தகட்டில் பிடித்துக் காட்டியதை அப்துல்லா வியந்து வியந்து எழுதுகிறார். அவர் தம் நூலை எழுதி முடித்தது 1843இல். ஆகவே அந்தத் தகடு இத்தியேயின் தகட்டுக்கும் முந்தியது.

அந்தத் தகடு நமக்குக் கிடைக்கவில்லை. அப்துல்லாவின் எழுத்து கிடைத்திருக்கிறது! படம் அழிந்த பிறகும் படத்தைப் பற்றிய எழுத்து நிற்கிறது. தபால் அட்டையிலோ படம் இருக்கிறது, எழுத்து இல்லாததால் அந்த மனிதன் யாரென்று தெரியவில்லை. எது பெரிய இழப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

இதெல்லாம் எட்டாத காலம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 1977இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டில் இந்த ஆற்றைச் சுத்தம் செய்யவேண்டும் என்றார். 1983இல் நூற்றுக்கணக்கான சரக்குப் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றினார்கள். ஆறு சுத்தமாயிற்று. நாற்றம் போயிற்று, மீன் வந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. 2008இல் மரீனா அணை வந்தது. பெருக்கும் வற்றமும் பார்த்துப் படகு விட்ட ஆறு இன்று குடிநீர்த் தேக்கத்தின் ஒரு பகுதி. மார்க்கெட் ஸ்திரீட், நம் பெரியவர்கள் வாயில் செட்டித் தெரு, அங்கிருந்த செட்டியார்களின் கிட்டங்கிகளும் மறுசீரமைப்பில் போய்விட்டன. பெட்டகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து கணக்கெழுதிய அந்தக் கூடங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். தைப்பூசத்துக்கு முதல்நாள் டேங்க் ரோட்டிலிருந்து கியோங் சைக் ரோட்டுக்குப் புறப்படும் வெள்ளி ரதம் இந்த ஆற்றைத் தாண்டாமல் போக முடியாது. ரதத்துக்கு முன்னால் பாலத்தின் மேல் நடந்து போனவர்கள் எத்தனை பேர் உங்கள் வீட்டுப் படங்களில் இருக்கிறார்கள்! ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும் பேத்திக்கு, ரதத்தின் வலப்பக்கம் நிற்பவர் யாரென்று எப்படித் தெரியும்?

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த வார இறுதியில் வீட்டு ஆல்பத்தைக் கீழே இறக்குங்கள். முதலில் கைப்பேசியால் ஒவ்வொன்றையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு படத்தின் பின்புறமும் யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், மறுபக்கம் தடம் விழும். மென்மையான பென்சில் போதும். தமிழில் எழுதுங்கள். பின்னணியில் ஆறோ பாலமோ கிட்டங்கியோ தெரிந்தால் அதையும் குறியுங்கள். நினைவு தெளிவாக இருக்கும் தாத்தா பாட்டியை அருகில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். அதை அடுத்த மாதத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். பொதுவுக்குப் பயன்படும் படம் என்று தோன்றினால் ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். பேசத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், வாய்மொழி வரலாற்று நிலையத்தில் அவர் பேச்சைப் பதிவுசெய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

குன்றின் மேல் நின்று எடுத்த படத்தை அரும்பொருளகம் பத்திரமாக வைத்திருக்கிறது. படகிலும் பாலத்திலும் நின்றவர்களின் பெயரை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். எழுதுங்கள்.